கேட்க ஆளில்லாத தளர்வு!

பொதுமுடக்கத்தை அறிவிப்பதற்கு ஒரு தொலைக்காட்சி உரை போதுமானதாக இருந்தது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடே முடங்கியது. ஆனால், நின்றுபோனதை மீண்டும் இயக்குவது அத்தனை எளிதாக இருக்கவில்லை. எதை எப்போது திறப்பது, வேலை இழந்தவர்களுக்கு என்ன தருவது, வருவாய் இழந்த மாநிலங்களுக்கு யார் ஈடு செய்வது என்று ஒவ்வொரு தளர்வுக்குப் பின்னாலும் ஓர் அரசியல் முடிவு இருந்தது. அந்த முடிவுகளைத் தட்டிக் கேட்க வேண்டிய தருணத்தில், நாட்டின் பிரதான எதிர்க்கட்சி தனக்கு யார் தலைவர் என்கிற விவாதத்தில் மூழ்கிக் கிடந்தது.

ஆண்டுகள் பல கடந்துவிட்ட பிறகு அதை நினைவுகூர்வது பழங்கதை பேசுவதற்காக அல்ல. பேரிடர்க் காலத்தில் அரசின் அதிகாரம் பெருகுவது தவிர்க்க முடியாதது. அப்படிப் பெருகும்போது எதிர்க்கட்சியின் தலைமை என்பது அந்தக் கட்சியின் உள்விவகாரமாக மட்டுமே இருந்துவிட முடியுமா என்கிற கேள்விக்கு இன்று வரை நேர்மையான பதில் தேடப்படவில்லை.

காங்கிரஸ் கட்சி அந்தக் காலகட்டம் முழுவதும் வாய்மூடி இருந்தது என்று கூறுவது நியாயமாகாது. நோய்த்தொற்றின் தீவிரம் குறித்து 2020 பிப்ரவரியிலேயே ராகுல் காந்தி எச்சரித்தார். பொதுமுடக்கம் நோயைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்வாகாது, பரிசோதனையை அதிகரிக்க வேண்டும் என்று ஏப்ரல் 16-இல் அவர் கூறியது பின்னாளில் சரியென்று தெரிந்தது. மே 22-இல் சோனியா காந்தியின் தலைமையில் 22 எதிர்க்கட்சிகள் காணொலி வழியாகக் கூடி, பொதுமுடக்கத்திலிருந்து வெளியேற அரசிடம் திட்டமில்லை என்று குற்றஞ்சாட்டின. வருமான வரி வரம்புக்குள் வராத குடும்பங்களுக்கு ஆறு மாதங்கள் தலா ரூ.7,500 நேரடியாக வழங்கக் கோரின. அது பொறுப்பான எதிர்க்கட்சி அரசியல்.

நான்கு கட்டங்களாக 68 நாள்கள் நீடித்த முழு முடக்கம் மே 31-இல் முடிந்து, ஜூன் 1 முதல் படிப்படியான தளர்வுகள் தொடங்கின. அந்தக் கோரிக்கைகளைத் தொடர்ந்து வலியுறுத்த வேண்டிய காலமும் அங்கிருந்துதான் தொடங்கியது. ஜூலையில் ராஜஸ்தானில் அசோக் கெலாட்டுக்கும் சச்சின் பைலட்டுக்கும் இடையேயான பூசல் ஆட்சியையே ஆட்டம் காண வைத்தது. கட்சியின் கவனம் முழுவதும் ஜெய்ப்பூருக்குத் திரும்பியது. அது ஓய்வதற்குள் தில்லியில் அடுத்த புயல் வீசியது.

2019 மக்களவைத் தேர்தலில் 52 இடங்களுடன் தோல்வியைத் தழுவியதும் ராகுல் காந்தி தலைவர் பதவியிலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-இல் சோனியா காந்தி இடைக்காலத் தலைவரானார். ஓராண்டு உருண்டோடியும் அந்த இடைக்காலம் முடியவில்லை. குலாம் நபி ஆசாத், கபில் சிபல், ஆனந்த் சர்மா, சசி தரூர் உள்ளிட்ட 23 தலைவர்கள் முழுநேரத் தலைமையும், செயற்குழு உள்ளிட்ட அமைப்புகளுக்குத் தேர்தலும் கோரிக் கடிதம் எழுதினர். அது ஊடகங்களில் வெளியானதும், ஆகஸ்ட் 24-இல் காணொலி வழியாகக் கூடிய செயற்குழு ஏறத்தாழ ஏழு மணி நேரம் விவாதித்தது. கடிதம் சொன்னது என்ன என்பதைவிட, அதை எழுதியவர்கள் விசுவாசிகளா துரோகிகளா என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. இறுதியில், சோனியா காந்தியே தொடர்வார் என்று முடிவெடுத்துக் கலைந்தார்கள்.

அந்த ஒரு வாரத்தில் நாட்டில் நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும். ஆகஸ்ட் 27-இல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, மாநிலங்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்குப் பதிலாகக் கடன் வாங்கிக்கொள்ளும் இரு வழிகளை முன்வைத்தது. ஆகஸ்ட் 29-இல் நான்காம் கட்டத் தளர்வு உத்தரவு வந்தது. செப்டம்பர் 7 முதல் மெட்ரோ ரயில்கள் ஓடலாம். செப்டம்பர் 21 முதல் 100 பேர் வரை கூடலாம். ஆனால், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே மத்திய அரசைக் கலந்தாலோசிக்காமல் மாநிலங்கள் ஊரடங்கு விதிக்கக் கூடாது என்றது அந்த உத்தரவு. ஆகஸ்ட் 31-இல் முதல் காலாண்டின் பொருளாதாரம் 23.9% சுருங்கியதாக அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் வெளியானது. செப்டம்பர் 2-இல், கூடவிருக்கும் நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் இருக்காது என்று அறிவிக்கப்பட்டது.

கூட்டாட்சி, பொதுச் சுகாதாரம், பொருளாதாரம், நாடாளுமன்ற மரபு என நான்கும் ஒரே நேரத்தில் விவாதத்துக்கு உரியவையாக இருந்தன. காங்கிரஸும் அறிக்கைகள் வெளியிட்டது. ஜிஎஸ்டி இழப்பீடு, நீட், ஜேஇஇ தேர்வுகள் குறித்து ஆகஸ்ட் 26-இல் மம்தா பானர்ஜி, உத்தவ் தாக்கரே உள்ளிட்ட முதல்வர்களுடன் சோனியா காந்தி ஆலோசனையும் நடத்தினார். ஆனாலும், தனது தலைமையையே முடிவு செய்ய இயலாத கட்சியின் அறிக்கைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

கடிதம் எழுதிய நேரம் சரியல்ல என்பது தலைமையின் ஆதரவாளர்கள் முன்வைத்த வாதம். கட்சித் தலைவர் உடல்நலமின்றி இருந்தபோது, ராஜஸ்தானில் ஆட்சி ஊசலாடிக் கொண்டிருந்தபோது, இது தேவைதானா என்று அவர்கள் கேட்டார்கள். அந்த வாதத்தை ஒரேயடியாகப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால், நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருக்கும் கட்சிக்கு நல்ல நேரம் வருவதே இல்லை என்பதுதான் அனுபவம். 2000-இல் ஜிதேந்திர பிரசாதா, சோனியா காந்தியை எதிர்த்துத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு, 7,448 வாக்குகளுக்கு எதிராக வெறும் 94 வாக்குகள் பெற்றார். 2020 கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரது மகன் ஜிதின் பிரசாதாவும் ஒருவர். ஒரு தலைமுறை மாறியும் கட்சிக்குள் கேள்வி கேட்பவரின் நிலைமை மாறவில்லை.

செப்டம்பர் 11-இல் குலாம் நபி ஆசாத் கட்சியின் பொதுச் செயலர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அப்போது மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் அவர்தான். செப்டம்பர் 14-இல் நாடாளுமன்றம் கூடியது. மருத்துவப் பரிசோதனைக்காக வெளிநாடு சென்றிருந்த சோனியா காந்தியும், உடன் சென்ற ராகுல் காந்தியும் அந்நேரத்தில் அவையில் இல்லை. உடல்நலம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. அதைக் குறை கூறுவது பண்பாகாது. ஆனால், ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் பொறுப்பேற்கும் ஏற்பாடு இல்லாத கட்சியின் பலவீனம் அப்போது பட்டவர்த்தனமானது.

அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே, பொதுமுடக்கத்தின்போது உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் குறித்த விவரம் இல்லை என்று எழுத்துபூர்வ பதிலில் தொழிலாளர் நல அமைச்சகம் தெரிவித்தது. கேள்வி நேரம் இருந்திருந்தால் அமைச்சரை எழுந்து நிற்க வைத்துத் துணைக் கேள்விகளைத் தொடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பு அரசால் பறிக்கப்பட்டது. செப்டம்பர் 20-இல் கூச்சல் குழப்பத்துக்கிடையே வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. செப்டம்பர் 23-இல் காலியாகக் கிடந்த எதிர்வரிசைகளுக்கு முன்னால் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றில் உள்ளடங்கியிருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பிய அதே ஆண்டில், அவர்களின் பாதுகாப்புச் சட்டம் மாற்றப்பட்டபோது அவர்களுக்காகப் பேச அந்த அவையில் எதிர்க்கட்சியினர் இல்லை.

இதில் ஆளும் தரப்பின் பொறுப்பு எந்த வகையிலும் குறைந்ததல்ல. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவுகளாலேயே நாடு மூடப்பட்டது, திறக்கப்பட்டது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாத இடைவெளி விழக் கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 85-ஆவது பிரிவு மட்டும் இல்லாதிருந்தால், செப்டம்பரிலாவது நாடாளுமன்றம் கூடியிருக்குமா என்பதே ஐயம். நாடாளுமன்றக் குழுக்கள் காணொலியில் கூட அனுமதி கேட்டபோது, ரகசியக் காப்பு விதி காரணம் காட்டி மறுக்கப்பட்டது. அதே காலத்தில் உச்சநீதிமன்றம் காணொலியில்தான் வழக்குகளை விசாரித்துக் கொண்டிருந்தது.

பிகார் சட்டப்பேரவைக்கு அக்டோபர், நவம்பரில் மூன்று கட்டங்களாகத் தேர்தல் நடத்த முடிந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரை நடத்த முடியாது என்று அரசு கைவிரித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் கரோனா.

இதன் விலை என்ன என்பது விரைவிலேயே தெரிந்தது. சமாஜவாதி கட்சியின் ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2020 நவம்பரில் கரோனா குறித்த தனது அறிக்கையை மாநிலங்களவைத் தலைவரிடம் அளித்தது. மருத்துவமனைகளின் தேவைக்கு ஏற்ப ஆக்சிஜன் உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டும், சிலிண்டர் விலைக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதை உடனடியாக விவாதிக்க அவை கூடவில்லை. 2021 ஏப்ரலில் தலைநகர் தில்லியிலேயே மருத்துவமனைகள் ஆக்சிஜன் கேட்டு உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. அவை கூடியிருந்தால் அத்தனை உயிர்களும் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், எச்சரிக்கை மணி ஒலித்தும் அது அவையில் எதிரொலிக்கவில்லை என்பதை மறுக்கவும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்து அதே காரணத்தைக் காங்கிரஸும் கைக்கொண்டது. 2021 ஜூனுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று ஜனவரியில் முடிவெடுத்த செயற்குழு, இரண்டாம் அலையைக் காரணம் காட்டி மே 10-இல் அதை ஒத்திவைத்தது. அந்த அலை கொடூரமானது என்பது உண்மை. ஆனால், சில ஆயிரம் பிரதிநிதிகள் மட்டுமே வாக்களிக்கும் ஒரு தேர்தலை அஞ்சல் வழியாகவோ இணைய வழியாகவோ நடத்தியிருக்க முடியாதா? நாடாளுமன்றத்தைக் கூட்டாததற்கு அரசு எதைக் காரணமாகச் சொன்னதோ, அதையே உள்கட்சித் தேர்தலை ஒத்திப்போடுவதற்கு எதிர்க்கட்சியும் சொன்னது. கேள்வி கேட்கும் தார்மிக உரிமையை அது பாதியாகக் குறைத்துக் கொண்டது அன்றுதான்.

முடியாததைக் கேட்பதாக நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் முழு முடக்கம் தொடங்கிய சில நாள்களில், 2020 ஏப்ரல் 4-இல் தொழிலாளர் கட்சி தனது புதிய தலைவராகக் கியர் ஸ்டார்மரைத் தேர்ந்தெடுத்தது. சிறப்பு மாநாட்டைக் கைவிட்டு, முடிவை மட்டும் அறிவித்தது. முடக்கத்திலிருந்து வெளியேறும் திட்டத்தை வெளியிடுமாறு ஏப்ரலிலேயே அவர் அரசை நெருக்கினார். அவையும் பாதி நேரடியாகவும் பாதி காணொலியிலும் கூடியது. மே 11-இல் அரசு தனது தளர்வுத் திட்டத்தை ஆவணமாக வெளியிட்டது. அது முழுக்க எதிர்க்கட்சியின் சாதனையல்ல. ஆனால், கேட்பதற்கு ஆள் இருந்தார். கனடாவின் கன்சர்வேடிவ் கட்சி அஞ்சல் வாக்குகள் மூலம் எரின் ஓ'டூலைத் தலைவராக அறிவித்தது 2020 ஆகஸ்ட் 24 அதிகாலையில். காங்கிரஸ் செயற்குழு ஏழு மணி நேரம் விவாதித்து, ஒன்றும் தீர்க்காமல் கலைந்த அதே நாள்!

காங்கிரஸுக்கு வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடைக்க 2022 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும், சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். கட்சி உடைந்துவிடவில்லை. தோற்றவர் துரோகியாகவும் ஆகிவிடவில்லை. ஆனால், அதற்குள் ஜிதின் பிரசாதா பாஜகவுக்குப் போய்விட்டார். கபில் சிபலும் குலாம் நபி ஆசாதும் வெளியேறிவிட்டனர். 2024 தேர்தலில் 99 இடங்களைப் பெற்ற பிறகே, பத்தாண்டுகளாகக் காலியாகக் கிடந்த மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் ராகுல் காந்தி அமர்ந்தார். தேர்தல் ஒன்றே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. அது கட்சிக்குக் கேடு விளைவிக்கவில்லை என்று மட்டும் உறுதியாகக் கூறலாம்.

வலுவான எதிர்க்கட்சி இல்லாததில் ஆளுங்கட்சிக்கு உள்ளூர மகிழ்ச்சி இருக்கக்கூடும். ஆனால், அவையில் எழாத எதிர்ப்பு தெருவில் எழும் என்பதை வேளாண் சட்டங்கள் உணர்த்தின. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய அந்தச் சட்டங்களை, தில்லியின் எல்லைகளில் ஓராண்டு நீடித்த போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் அரசே திரும்பப் பெற்றது. அவையில் சில நாள்கள் செலவிட்டிருந்தால், தெருவில் ஓராண்டைத் தவிர்த்திருக்கலாம்.

பேரிடர்ச் சட்டத்தின் கீழ் நாடு தழுவிய கட்டுப்பாடுகள் விதிக்கப்படும்போதும் தளர்த்தப்படும்போதும் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் அந்த உத்தரவுகள் நாடாளுமன்றத்தின் முன் விவாதத்துக்கு வைக்கப்பட வேண்டும். அவையும் அதன் குழுக்களும் காணொலியில் கூடுவதற்கு விதிகளில் இடமளிக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியது அரசு. உள்கட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவதும், தலைவர் இல்லாத நேரத்தில் யார் பேசுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதும் எதிர்க்கட்சிகளின் கடமை. காங்கிரஸுக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பத்தையோ ஒரு தனிமனிதரையோ நம்பி நடக்கும் எல்லாக் கட்சிகளுக்கும் இது பொருந்தும்.

கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது அரசின் கையில் இருக்கிறது. அரசின் பொறுப்பு தளர்ந்துவிடாமல் பார்த்துக் கொள்வது எதிர்க்கட்சியின் கையில் இருக்கிறது. அடுத்த பேரிடர் வரும்போது, தலைவரைத் தேடி முடிக்கும்வரை அது காத்திருக்காது!