லண்டனில் ஒரு ஹேம்லட்: ஊரை மாத்தலாம், பேச்சை மாத்தக்கூடாதா?

அப்பாவுக்கு இந்து முறைப்படி இறுதிச்சடங்கு. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அம்மாவை மணக்கப் போவதாகச் சித்தப்பா அறிவிக்கிறார். இடம் லண்டன். காலம் இன்று.

ரிஸ் அகமது நடித்து, அனீல் கரியா இயக்கிய 'ஹேம்லட்' 2025இல் திரைப்பட விழாக்களுக்கு வந்தது. அப்போதிருந்தே விமர்சகர்கள் ரெண்டு பக்கமா நிக்கிறாங்க.

சுமார் 1600இல் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில் எல்சினோர் டென்மார்க் மன்னரின் கோட்டை. படத்தில் அது ஒரு தெற்காசியப் பணக்காரக் குடும்பத்தின் கட்டுமான நிறுவனம்.

எது மாறல?

பேச்சு. கல்யாண வீட்டு நடனம் உண்டு, ராத்திரி நேர லண்டன் தெருக்கள் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் 400 ஆண்டுக்கு முந்திய ஆங்கிலம்! நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற தனிமொழியை, படுவேகமாக ஓடும் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசுகிறார் ரிஸ் அகமது.

சிலருக்கு அது உடம்பை உலுக்கும் காட்சி. சிலருக்கு வெறும் பரபரப்பு.

குறை சொல்பவர்களிடம் வேறொரு நியாயமான கேள்வியும் இருக்கு. முழு நாடகத்தை மேடையேற்ற ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். படமோ 2 மணி நேரத்துக்கும் குறைவு. உயிர்த்தோழன் ஹொரேஷியோவையே எடுத்துட்டாங்க. மனம்விட்டுப் பேச ஆளில்லாத ஹேம்லட், அதே ஹேம்லட்தானா?

பேச்சையும் மாத்தினா என்ன ஆகும்?

அதற்கு விஷால் பரத்வாஜின் 'ஹைதர்' (2014) இருக்கிறது. அதே கதை, 1995இன் காஷ்மீரில், இந்தியிலும் உருதுவிலும். கொலையுண்ட அரசருக்குப் பதில், ராணுவம் பிடித்துச் சென்ற ஒரு மருத்துவர். ஆவி வந்து சொல்ல வேண்டிய சேதியை, அவரோடு சிறையில் இருந்தவர் கொண்டு வருகிறார். முடிவில் ஹைதர் சித்தப்பாவைக் கொல்லாமல் விட்டுவிடுகிறான்.

முடிவையே மாத்திட்டாங்க! ஆனால் பெரிய சண்டை ஷேக்ஸ்பியரைப் பற்றி இல்லை. இந்திய ராணுவத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லிப் படத்தைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள். பாகிஸ்தானில் படம் திரைக்கே வரவில்லை. இந்தியாவில் அதற்கு 5 தேசிய விருதுகள் கிடைத்தன.

லண்டன் படத்துக்கு அந்தத் துணிச்சல் பாதிதான் என்று தோன்றுகிறது. பழைய வசனம் ஒரு கவசம் மாதிரி. பேசுபவர் தெற்காசியராக இருந்தாலும் "இது ஷேக்ஸ்பியர்தானே" என்று யாரும் சமாதானம் ஆகிவிடலாம்.

இருந்தாலும் ஒரு இடத்தில் படம் தைக்கிறது. எல்சினோர் எழுப்பும் கட்டடங்களால் வீடிழந்தவர்கள் கூடாரங்களில் இருக்கிறார்கள். நாடகத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து படையோடு வரும் ஃபோர்ட்டின்பிராஸ், இங்கே அவர்கள் பக்கம். டென்மார்க்கில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று நாடகத்தில் ஒரு காவலர் சொல்வாரே, அது என்ன என்பதை இந்தக் கூடாரங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. அதுக்குப் பழைய ஆங்கிலம் புரியணும்னுகூட இல்ல.