முக்கால் மணி நேரத்தில் முடிவதில்லை மூக்கு

முக்கால் மணி நேர ஆபரேஷன் ஒன்று போதும், உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளையின் வாழ்க்கையே மாறிவிடும் என்று சொல்லித்தான் ஸ்மைல் ட்ரெயின் போன்ற தொண்டு அமைப்புகள் உலகெங்கும் நிதி திரட்டின. 2009இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணக் குறும்படம் அந்த நம்பிக்கையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு படங்களை அச்சிட்டுக் காட்டிக் கணக்கை முடிக்கிறார்கள். முடிவது உதட்டில் போட்ட தையல் மட்டும்தான்.

மூக்கைப் பாருங்கள். ஒரு பக்கப் பிளவில், வாயைச் சுற்றிய தசை நடுவில் சேராமல் அறுபட்டு நிற்கிறது. நல்ல பக்கத்துத் தசை மூக்கின் நடுச்சுவரைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்க மூக்கு மடல், கீழே தாங்க எலும்பில்லாமல் தட்டையாகச் சரிகிறது. பிறந்த சில வாரங்களுக்குத் தாயின் ஈஸ்ட்ரோஜன் பிள்ளையின் உடம்பில் மிச்சமிருப்பதால், மூக்குக் குருத்தெலும்பு மெழுகாக வளையும். அப்போதே அண்ணத்தில் தட்டு பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பியால் மடலைத் தூக்கிவிடலாம். 3 முதல் 6 மாதத்தில் உதட்டைத் தைக்கையில் மூக்கையும் சேர்த்துத் திருத்தலாம். 7 முதல் 11 வயதுக்குள் இடுப்பெலும்பைக் கொஞ்சம் எடுத்து ஈறுப் பிளவில் வைத்தால்தான் மடலுக்கு அடித்தளம் கிடைக்கும். முகம் வளர்ந்து முடியும் 16, 18 வயதில்தான், விலாவிலோ காதிலோ எடுத்த குருத்தெலும்பைக் கொண்டு மூக்கைக் கடைசியாகச் சீரமைக்க முடியும். பதினெட்டு வருஷ வைத்தியத்தை முக்கால் மணி நேரம் என்று சொல்வது பெற்றோரை ஏமாற்றுவது.

ஏழைப் பிள்ளைக்கு உதடாவது மூடியதே என்பார்கள். மூக்கைக் கவனிக்காமல் போட்ட முதல் தையலின் தழும்பு, அடுத்த ஆபரேஷனைக் கடினமாக்கும். மூக்கு வெறும் அழகுச் சமாச்சாரம் என்பது அதைவிட மோசம்: கோணிய நடுச்சுவர் மூச்சை அடைக்கிறது, பிள்ளை வாயால் மூச்சு விடுகிறது.

மிளகாய்க் காட்டு வேலைக்கோ கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்கோ போகும் தாய், பிள்ளையின் அண்ணத் தட்டைச் சரிசெய்ய வாராவாரம் மதுரைக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. ஆபரேஷன் இலவசம் என்கிற விளம்பரம் இந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பிளவைப் பட்டியலில் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் அது 18 வயதோடு நிற்கிறது, பையன்களுக்குக் கடைசி மூக்கு ஆபரேஷன் வேண்டிய அதே வயதில்.

பிளவோடு பிள்ளை பிறந்தால் முதல் வாரத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். மூக்குக்கு என்ன செய்யப்போகிறீர்கள், அடுத்து எந்த வயதில் வரவேண்டும் என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.