ஜாம் போத்தல் விளக்கும் ஓர் அசையும் கேர்சரும்

ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் சென்ற மாதம் ஓர் இறுவட்டுடன் மானிப்பாயில் உள்ள எனது வீட்டுக்கு வந்தார். அவரது மகன் 2003-இல் இங்கே கணனி வகுப்புக்குப் போன காலத்தில் வரைந்த அசையும் கேர்சர் ஒன்று அதில் இருந்தது. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்புக்குறிக்குப் பதிலாக ஒரு ஜாம் போத்தல் விளக்கு நகரும். அதன் சுடர் நடுங்கும்.

1990-இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றபின் மண்ணெண்ணெயும் அரிதாகிப்போன நாட்களில், போத்தலுக்குள் சிறு திரியிட்டு எரித்த அந்த விளக்கை அறியாதவர் எம்மிடையே இலர். அவனும் 1995-இல் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அந்த வெளிச்சத்திலேயே படித்தான். இன்று அவன் இல்லை. எப்படி என்பது இப்பத்திக்கு வேண்டியதன்று.

“தம்பி, உந்த விளக்கை என்ரை போனிலை பாக்கேலாதே?” என்று கேட்டார் அக்கா.

முதலில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஏதோ ஓர் இணையதளத்தில் கோப்பை ஏற்றி, ஜிஃப் படமாக மாற்றிக் கொடுத்தார்கள். கறுப்புச் சதுரம் ஒன்றின் நடுவே விளக்கு. சுடர் ஒருதடவை துடித்துவிட்டு உறைந்துபோனது. அதைத்தான் அவர் இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறை எங்கே என்று தேடியபோதுதான் இது வெறும் உறை மாற்றும் வேலையன்று என்பது எனக்கு விளங்கிற்று. ஏ.என்.ஐ கோப்பு என்பது பல கேர்சர் படங்களை அடுக்கிய ஒரு பெட்டி. எந்தப் படத்தின் பின் எது வரவேண்டும் என்ற வரிசைப் பட்டியலும் அதற்குள் இருக்கலாம். இவன் வரைந்தவை நான்கே படங்கள். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, மீண்டும் இரண்டு, நான்கு என மாற்றி மாற்றிக் கோத்திருந்தான். சுடரின் இயல்பான நடுக்கம் அதனால் வந்தது. பட்டியலைப் பாராத மாற்றி நான்கையும் நேராக ஓடவிட்டுவிடும். நேரக்கணக்கும் வேறு: கேர்சர் ஒரு வினாடியை அறுபதாகப் பிரிக்கிறது, ஜிஃப் நூறாக. ஆறு அலகு என்று இருந்தால் பத்து என்று எழுதவேண்டும். மீளச் சுழலும்படி தனியே கட்டளை இடாவிட்டால் ஜிஃப் ஒருமுறை ஓடி நின்றுவிடும். அதில் அரைகுறை ஒளிபுகலும் இல்லை. ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது, அவ்வளவே.

2025-இல் வெளிவந்த கிம்ப் 3.0 என்ற இலவச மென்பொருள் இக்கோப்பைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் ஓர் அடுக்காகக் காட்டுகிறது. வரிசைப்படி அடுக்குகளைப் பிரதி செய்து, அடுக்கின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் மில்லிவினாடியை எழுதி, அசையும் ஜிஃப் ஆகச் சேமித்தேன். 32 புள்ளி அகலமுள்ள படம் போனில் கடுகாகத் தெரியும் என்பதால், மழுப்பாமல் எட்டு மடங்காகப் பெருப்பித்தேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது வீடியோவாகிவிடும், ஆவணமாக அனுப்பவேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒன்றை என்னால் கொண்டுவர முடியவில்லை. ஒவ்வொரு கேர்சரிலும் எந்தப் புள்ளி ‘சுட்டும் புள்ளி’ என்பது குறிக்கப்பட்டிருக்கும். அவன் அதைச் சுடரின் நுனியில் வைத்திருந்தான். விளக்கின் நுனியால் தொட்டுத்தான் அவன் ஒவ்வொரு கோப்பையும் திறந்திருக்கிறான். ஜிஃப் படத்தில் அந்தக் குறிப்புக்கு இடமே இல்லை.

ஆகவேதான் ‘ஜிஃப் இருக்கிறதே, பழையதை அழித்துவிடலாம்’ என்று சொல்லும் பிள்ளைகளோடு நான் உடன்படுவதில்லை. மருத்துவர் கிறீன் இதே மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது மூலங்களைத் தீயிலிட்டார் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை! ஏ.என்.ஐ கோப்புகள் மீது சந்தேகம் வந்ததற்கும் காரணம் உண்டுதான். அவற்றைக் கையாளும் முறையில் விண்டோஸில் இருந்த ஓட்டை வழியே தாக்குதல்கள் நடந்து, 2007 ஏப்ரலில் மைக்ரோசொவ்ற் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. அறிமுகமற்றவர் அனுப்பியதைத் திறக்காதிருப்பது வேறு, தன் பிள்ளை வரைந்ததை அழிப்பது வேறு. மூலக் கோப்பின் பருமனோ ஒரு சாதாரண கைத்தொலைபேசிப் படத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இறுவட்டு பழுதாகும் பொருள் என்பதால், மூலத்தை மூன்று பிரதி எடுத்தேன்: ஒன்று என்னிடம், ஒன்று ரொறன்ரோவில் உள்ள அக்காவின் மகளிடம், ஒன்று அக்காவின் அலுமாரியில்.

புதிய படத்தை அக்கா நெடுநேரம் பார்த்தார். “சுடர் கொஞ்சம் கெதியா ஆடுது போல கிடக்கு” என்றார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் அடுக்கில் 100 என்பதற்குப் பதிலாக 10 என்று எழுதியிருந்தேன்.