பிரவுன் என்ற பெயரும் நம் பாட்டன் பெயரும்

ஆயர் ஈத்தாமிலிருந்து ஜார்ஜ்டவுன் நோக்கிப் போகும் சாலை, டத்தோ கிராமாட் சாலையாக மாறியபின் ஒரு திடல் வரும். பெயர் பாடாங் பிரவுன். அங்குள்ள அங்காடிக் கடைகளில் பசியாறியவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால், அந்தப் 'பிரவுன்' யார், அவர் பெயருக்கு என்ன பொருள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் வாழ்ந்த டேவிட் பிரவுன் ஸ்காட்லாந்துக்காரர். குளுகோரில் பெருந்தோட்டம் அமைத்துச் சாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்களை விளைவித்தவர். 1825ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய குடும்பத்தின் பெயரே அத்திடலுக்கு நிலைத்துவிட்டது.

பிரவுன் என்றால் பழுப்பு நிறம். தலைமுடியோ மேனியோ சற்றுப் பழுப்பாக இருந்த ஒருவனை ஊரார் அடையாளம் சொல்லி அழைத்த பட்டப்பெயர்தான் பின்னாளில் குடும்பப் பெயராயிற்று. அவ்வளவுதான் அதன் வரலாறு! அதில் அரச பரம்பரையும் இல்லை, வீரதீரமும் இல்லை. ஜெர்மானியரின் பிரவுன், பிரெஞ்சுக்காரரின் லெப்ரன் ஆகியவையும் இதே பொருள் தருபவையே. ஆயினும், இந்த எளிய பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பெயரைத் தாங்கியிருந்தனர். குடும்பப் பெயர்களில் அதற்கு நான்காம் இடம். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். 2007 முதல் 2010 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தவரும் ஒரு பிரவுன்தான். 'மாநிறத்தான்' என்று பொருள்படும் பெயரோடு ஒருவர் நாட்டை ஆண்டார். அதற்காக அவர் வெட்கப்பட்டதாகச் செய்தி இல்லை.

ஆங்கிலேயருக்கும் ஆதியிலிருந்தே குடும்பப் பெயர் இருந்ததில்லை என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய காலத்தில் பொதுமக்களுக்கு இருந்தது ஒற்றைப் பெயர்தான். ஒரே பெயரில் பலர் இருந்தபோது பிரித்தறியத் துணைப்பெயர் தேவைப்பட்டது. தொழிலால் ஸ்மித், அதாவது கொல்லன், இடத்தால் ஹில், அதாவது குன்று, தந்தையால் ஜான்சன், அதாவது ஜானின் மகன், தோற்றத்தால் பிரவுன். இந்த நான்கு வகைக்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் அடங்கிவிடும். வரி வாங்கவும் நிலத்தைப் பதியவும் ஏடுகள் பெருகப் பெருக, அப்பெயர்கள் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி உறைந்துபோயின. கொல்லுப்பட்டறையைக் கண்ணால் காணாதவனும் இன்று ஸ்மித். கருங்கூந்தல் உடையவனும் பிரவுன்!

இந்த நான்கு வகையும் நம்மிடம் இல்லாமலா போயின? சங்கப் புலவர்களின் பெயர்களைப் புரட்டிப் பாருங்கள். மதுரைப் பெருங்கொல்லன், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் ஆகியோர் தொழிலால் அறியப்பட்டவர்கள். கோவூர் கிழார் ஊரால் அறியப்பட்டவர். நரைமுடி நெட்டையார் தோற்றத்தால் அறியப்பட்டவர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் தந்தையால் அறியப்பட்டவர். இன்று நம் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று வருகிறதே, 'இன்னாரின் மகன், மகள்' என்ற அந்த முறை நக்கீரனார் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே, அது வெள்ளைக்காரனோ மலேசிய அரசாங்கமோ நமக்குப் புதிதாகச் சூட்டிய அடையாளம் அன்று.

ஆனால், இன்று நம் இளைஞர்களிடையே ஒரு தாழ்வுணர்வு தலைதூக்கியுள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பம் செய்யும்போது, விமானச் சீட்டு வாங்கும்போது, 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் எதிரே வந்து நிற்கிறது. சீன நண்பர்கள் தயங்காமல் லிம், டான், கூ என்று நிரப்பிவிடுகிறார்கள். நம்மவர் மட்டும் திகைத்து, நமக்கு ஏதோ ஒன்று குறைவதாக எண்ணிக்கொள்கின்றனர். இக்குறையைத் தீர்க்கச் சிலர் கண்டுபிடிக்கும் வழிதான் கவலைக்குரியது. தாத்தாவோடு கப்பலில் வந்து, அப்பாவின் பெயரில் உதிர்ந்துபோன சாதிப் பட்டத்தைத் தேடியெடுத்துப் பிள்ளையின் பெயரோடு ஒட்டுகின்றனர். கேட்டால், "சாதி பார்க்கவில்லை, இது வெறும் குடும்பப் பெயர்" என்கின்றனர்.

இதனை ஏற்க இயலாது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் பெரியார் கப்பலில் வந்து இறங்கியதும் இதே பினாங்கில்தான். அவர் கொள்கை அனைத்தையும் ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். ஆனால், பெயரைக் கேட்டவுடனே ஒருவனை மேல், கீழ் என்று எடைபோடும் வழக்கத்தை நம் முன்னோர் முயன்று ஒழித்தது நமக்குக் கிடைத்த பெரும் சொத்து. ஒரு பாரத்தில் உள்ள கட்டத்தை நிரப்புவதற்காக அச்சொத்தை விற்கலாமா?

குடும்பப் பெயர் இல்லாத சமுதாயம் நாம் மட்டுமல்லர். மலாய்க்காரர்கள் 'பின்', 'பிந்தி' என்று தந்தை பெயரைத்தான் இணைக்கின்றனர். வளர்ந்த நாடான ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் இன்றும் தந்தையின் பெயரோடு மகன், மகள் என்ற சொல்லைச் சேர்த்தே வழங்குகின்றனர். நம் நாட்டுக் கடப்பிதழிலும் பெயர் முழுவதும் ஒன்றாகவே அச்சிடப்படுகிறது. கட்டம் கேட்டால் தந்தையின் பெயரை எழுதுவோம். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவோம். அது போதும். அதோடு, திருமணம் ஆனவுடன் கணவன் பெயருக்கு மாற வேண்டிய கட்டாயமும் நம் பெண்களுக்கு இல்லை. பிறந்தபோது பதிந்த பெயரே அடையாள அட்டையில் இறுதிவரை நிற்கிறது. இதனைச் சிறப்பென்று சொல்லாமல் குறையென்று சொல்வானேன்?

அப்படியானால், தலைமுறைகளை இணைக்கும் பெயர் நமக்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதற்கும் தமிழில் வழி இருக்கிறது. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஆங்கிலேயன் குடும்பப் பெயரால் செய்ததை நாம் பேரப் பிள்ளையால் செய்தோம். பாட்டி பெயர் பேத்திக்கு வந்ததால், தந்தை வழி மட்டுமின்றித் தாய் வழியும் மறையாமல் காக்கப்பட்டது.

அந்த நூல்தான் இன்று அறுந்துகொண்டிருக்கிறது. கருப்பையா, வெள்ளையன், முனியாண்டி, சின்னம்மா, அஞ்சலை போன்ற பெயர்கள் தோட்டங்களோடு போகட்டும் என்று விட்டுவிட்டோம். எண் கணிதம் பார்த்து, ஷகரமும் ஜகரமும் கலந்து, பொருள் இன்னதென்று பெற்றவர்களுக்கே தெரியாத பெயர்களைச் சூட்டுகிறோம். பழுப்பு நிறத்தைச் சொல்லும் பிரவுன் நாகரிகமாக ஒலிக்கிறது. கருமையைச் சொல்லும், காவல் தெய்வத்தையும் நினைவூட்டும் கருப்பையா மட்டும் கூச்சமாக ஒலிக்கிறது என்றால், கோளாறு பெயரிலா, நம் காதிலா?

பழம்பெயர் சூட்டினால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக முழுவதும் கைவிட வேண்டியதில்லை. விரும்பிய தமிழ்ப்பெயரோடு பாட்டன் பெயரையோ பாட்டி பெயரையோ இரண்டாவதாகச் சேர்க்கலாம். கருப்பையாவின் பேரன் காரி ஆகலாம். வள்ளியம்மையின் பேத்தி வள்ளி ஆகலாம். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிவைத்த எழுத்துப் பிழைகளையும் அடுத்த பிறப்புப் பத்திரத்திலேனும் திருத்திக்கொள்ளலாம்.

பால் மரம் வெட்டியும் சாலை போட்டும் உழைத்த நம் முன்னோருள் பெரும்பாலோர் பெயரில் திடல் இல்லை, தெரு இல்லை. பிரவுனுக்குக் கிடைத்த பெயர்ப்பலகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பெயர் வாழக்கூடிய ஒரே இடம் நம் பிள்ளைகளின் பெயர்தான். அந்த இடத்தையும் நாம் மறுத்துவிட்டால், பேரன் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்? நாளை பெற்றோர் ஆகவிருக்கும் மாணவ நண்பர்கள் சிந்திக்க வேண்டும்.