சிரிப்பும் பக்கத்து வீட்டு மொழியும்

தமிழ்ச் சங்க ஏட்டில் கன்னட நாடகத்தையும் தெலுங்கு நாடகத்தையும் புகழ்வதா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். மாரிகுப்பத்துக்காரன் வேறு எப்படி எழுதுவான்? வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, அரசு அலுவலகத்தில் கன்னடம், சுரங்கக் காகிதங்களில் ஆங்கிலம் என்று வளர்ந்தவன் நான்.

தமிழ்ப்பற்றில் எங்களூர் எவருக்கும் இளைத்ததன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் மீண்டும் தொடங்கி நடத்தியவர் தங்கவயல் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலையும் தங்கவயலில் இருந்ததே. பூமிக்கடியில் இறங்கிக் கூலி வாங்கியவர்கள் மத்தியில் இவையெல்லாம் நடந்தன. சுற்றிலும் மூன்று மொழிகள் இருந்தும் அவர்கள் தமிழ் தேய்ந்துவிடவில்லை. ஆகவே, பிறமொழி படித்தால் தாய்மொழி போய்விடும் என்ற பேச்சு எனக்கு ஏறுவதில்லை.

என் ரசனையைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் நகைச்சுவை என்றால் எனக்குப் புதுமைப்பித்தன்தான். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. தேவனின் துப்பறியும் சாம்புவைப் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அசட்டு அதிர்ஷ்டத்தாலேயே ஒருவன் ஜெயித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்றுச் சலிப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் வோட்ஹவுஸ். அவருடைய ஜீவ்ஸ் எஜமானைவிட அறிவாளியான வேலைக்காரர். வெள்ளைக்காரர் பங்களாக்களில் பட்லர் வேலை பார்த்தவர்களின் ஊர் எங்களுடையது. இதில் எங்களுக்கு வியப்பொன்றும் இல்லை!

தெலுங்கில் குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’. 1892இல் முதலில் மேடையேறிய நாடகம். சின்னஞ்சிறு பெண்களைக் காசு வாங்கிக்கொண்டு கிழவர்களுக்குக் கட்டிவைத்த கொடுமைதான் கதை. அதில் கிரீசம் என்றொரு பாத்திரம். அரைகுறை ஆங்கிலத்தை அள்ளிவிட்டுச் சீர்திருத்தம் பேசித் திரியும் போலி. இந்தக் கிரீசம் இல்லாத சங்கம் உண்டா என்று நான் யோசிப்பதுண்டு. (நம் சங்கத்தைச் சொல்லவில்லை.)

கன்னடத்தில் டி. பி. கைலாசம். லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து நாடகம் எழுதியவர். வீட்டில் தமிழ் பேசியவர். கன்னடத்தாரைச் சிரிக்க வைத்தவர். அவருடைய ‘டொள்ளு கட்டி’யைப் பாருங்கள். டொள்ளு என்றால் உள்ளே ஒன்றுமில்லாதது. கட்டி என்பது நம் ‘கெட்டி’தான். மனப்பாடம் செய்து தேர்வில் தேறும் பிள்ளை கெட்டியா, தேர்வில் தோற்றாலும் பிறருக்கு ஓடி உதவும் பிள்ளை கெட்டியா என்பதே கேள்வி. பாத்திரங்கள் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பொரிந்து தள்ளுவார்கள். ஆனால் அவர் கேலி செய்தது தம்மைப் போன்ற படித்த கூட்டத்தைத்தான். கன்னடம் சரியாக வராத ஏழையை அல்ல.

நான் நகைச்சுவையை எடைபோடுவது இதைக் கொண்டுதான். நம் தமிழ்த் திரைப்படங்களில் சேட்டு பேசும் தமிழ், தெலுங்கர் பேசும் தமிழ் என்று ஒரு தனி வியாபாரமே நடந்தது. தமிழ்நாட்டுக்குப் போனால் எங்கள் தங்கவயல் தமிழும் அந்தக் கணக்கில்தான் சேரும். வாயைத் திறந்த உடனே சிரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவனுடைய பேச்சைப் பார்த்துச் சிரிப்பதற்கு மொழியறிவு தேவையில்லை. அவனுடைய மொழிக்குள் போய் அவனோடு சேர்ந்து சிரிப்பதற்குத்தான் தேவை.

நாகேஷைச் சொல்லாமல் விடலாமா? தாராபுரத்துக் கன்னடக் குடும்பத்துப் பிள்ளை. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் அவர் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சிக்குச் சிரிக்காத தமிழர் உண்டோ? கைலாசத்தை அவர்களுக்குக் கொடுத்தோம், நாகேஷை வாங்கிக்கொண்டோம். கோலார் மாவட்டத்திலேயே பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கும் வீட்டுமொழி தமிழே. கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்றார். நம் மாவட்டத்துக்காரர், நம்மவர் வீடுகளில் அவர் புத்தகம் இருக்கிறதா?

1991இல் காவிரிக் கலவரத்தைக் கண்டவர்கள் நாம். அந்த ஆண்டிலிருந்து பெங்களூர் அல்சூரில் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். மகிழ்ச்சிதான். சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல் ஒன்றையாவது பொருளோடு சொல்லத் தெரிந்த நம்மவர் எத்தனை பேர்? 2001இல் சுரங்கத்தை மூடிய பின் எங்களூர்ப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கன்னடம் அவர்களுக்குப் பிழைப்புக்கான மொழி. அதில் சிரிப்பதற்கும் இருக்கிறது என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

சங்க நூலகத்தில் கைலாசத்துக்கும் மாஸ்திக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவர்கள், கைலாசம் நாடகம் எங்காவது போட்டால் குடும்பத்தோடு போய் உட்காருங்கள். அவருடைய வசனம் காதால் கேட்க வேண்டியது. பக்கத்தில் இருப்பவர் எதற்குச் சிரித்தார் என்று புரியாவிட்டால் கேளுங்கள், சொல்வார்.