மாறாத சொல் எந்த மொழியில் உண்டு?

ஆங்கிலச் சொற்கள் வரையறுத்த பொருளுடையன. தமிழ்ச் சொற்கள் நெகிழ்ந்த பொருளுடையன. ஆதலின் அறிவியலுக்கும் சட்டத்திற்கும் ஆங்கிலமே தக்கது என்று நம்மவருள் கற்றோர் எனப்படுவார் பலர் கூறி வருகின்றனர். தமிழில் ஒரு புதுச்சொல் ஆக்கித் தந்தால், "இஃது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளை அப்படியே தருமா?" என்று உடனே வினவுவர். அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் எந்நாட்டில் யாது, எந்நூற்றாண்டில் யாது என்று நாம் திருப்பி வினவினால் வாய் திறவார். எனவே, அவர்தம் கூற்றை ஆங்கிலத்தைக் கொண்டே ஆராய்வோம்.

முதலில், காலத்தால் நேர்ந்த மாற்றத்தைக் காண்க. 'நைசு' என்னும் சொல் இன்று இனிமையைக் குறிக்கின்றது. 'அறியாதவன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிரஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் இது. 14ஆம் நூற்றாண்டில் ஒருவனை 'நைசு' என்றால் மடையன் என்பதே பொருள். 'சில்லி' என்பதோ பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவனைக் குறித்தது. பின்னர்ச் சூதறியாதவன், இரங்கத்தக்கவன், வலுவற்றவன் எனப் படிப்படியாக இழிந்து இன்று அறிவிலியைக் குறிக்கின்றது. வசை வாழ்த்தாயிற்று, வாழ்த்து வசையாயிற்று. 'கேர்ள்' என்பது சாசர் என்னும் பாவலர் காலத்தில் இருபாற் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது. 'டீர்' எவ்விலங்கையும் குறித்தது. இன்று மானை மட்டுமே குறிக்கும். 'மீட்' உணவு அனைத்திற்கும் பொதுப்பெயர். இன்று ஊனுக்கு மட்டுமே பெயர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் 'மீட் ஆஃபரிங்' என்றொரு படையல் கூறப்படுகின்றது. அதில் மாவும் எண்ணெயும் நறும்புகைப் பிசினும் உண்டு, ஊன் இல்லை. இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் அதனைப் புலாற்படையல் என்றே கொள்வான்.

இனி, இடத்தால் நேர்ந்த வேறுபாட்டைக் காண்க. 'கார்ன்' என்பது இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமை, இசுக்காட்லாந்தில் ஓட்சு, அமெரிக்காவில் மக்காச்சோளம். 1815இல் இயற்றி 1846இல் நீக்கிய ஆங்கிலேயரின் 'கார்ன்' சட்டங்களைச் சோளச் சட்டங்கள் என்று அமெரிக்க மாணவன் கொள்வானாயின், வரலாறே பிழைபடும். அவை கோதுமை முதலிய கூலங்களைப் பற்றியவை. 'பப்ளிக் சுகூல்' என்பது அமெரிக்காவில் அரசு நடத்தும் கட்டணமில்லாப் பள்ளி. இங்கிலாந்திலோ ஈட்டன் போன்ற, பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. ஒரே தொடர், பொருளோ நேர் எதிர்.

அரசியலிலும் இதே நிலைதான். 'டேபிள்' என்று வினையாக ஆளும்போது, ஒரு பொருளை உடனே ஆய்வுக்கு எடுத்தல் என்று பிரித்தானியர் கொள்வர். ஆய்வினின்று ஒதுக்கிவைத்தல் என்று அமெரிக்கர் கொள்வர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரு நாட்டுப் படைத்தலைவர்களும் இவ்வொரு சொல்லால் நெடுநேரம் சொற்போர் நிகழ்த்தினர் என்றும், இரு சாராரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே விளங்கிற்று என்றும் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

எண்ணைக் காட்டிலும் வரையறையுடையது வேறுண்டோ? அங்கும் இதே கதைதான். 'பில்லியன்' அமெரிக்கர்க்கு நூறு கோடி. பிரித்தானியர்க்கு முன்னர் இலக்கம் கோடியாக இருந்தது. ஆயிரம் மடங்கு வேறுபாடு! 1974இல்தான் தலைமையமைச்சர் ஆரல்டு வில்சன், தம் அரசு அமெரிக்கப் பொருளிலேயே அச்சொல்லை ஆளும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அங்ஙனமாயின் ஆங்கிலம் தகுதியற்ற மொழியா? அன்று. பொருள் மாறுதல் உயிருள்ள மொழிகளின் இயல்பு. மொழியை நிலைநிறுத்தலாம் என்று கருதி அகரமுதலிப் பணியைத் தொடங்கிய சாமுவேல் சான்சன், 1755இல் அதனை வெளியிட்டபோது அஃது இயலாதென்று முன்னுரையிலேயே ஒப்பினார். நம் கட்டுமரம் ஆங்கிலம் சென்று இரட்டை உடல் கொண்ட படகின் பெயராயிற்று. அதில் கட்டும் இல்லை, மரமும் இருக்கவேண்டுவதில்லை. ஆங்கிலேயன் அதற்கு நாணவில்லை. நாம் மட்டும் எற்றுக்கு நாணவேண்டும்? 'நாற்றம்' நறுமணத்தினின்று தீய மணத்திற்கு இழிந்ததையும், உரியவனைக் குறித்த 'கிழவன்' முதியவனைக் குறித்ததையும் காட்டித் தமிழை எள்ளுவோர், 'சில்லி' இழிந்ததை வளர்ச்சி என்பர். இஃதென்ன நடுவுநிலை?

"கலைச்சொற்களில் ஆங்கிலம் உறுதியாக உள்ளதே, தமிழில் ஒரு பொருளுக்கு நான்கு சொற்கள் உலவுகின்றனவே" என்பர் சிலர். இவ்வினாவிற்கு விடை கூறியாகவேண்டும். ஆங்கிலத்தின் உறுதி சொல்லில் பிறந்ததன்று, வரையறையில் பிறந்தது. இயற்பியலில் 'ஒர்க்' என்பது அன்றாட ஆங்கிலச் சொல்லே. தலையில் மூட்டை சுமந்து அசையாது நிற்பவன் வழக்கில் வேலை செய்கின்றான், இயற்பியலில் செய்யவில்லை. விசையும் அவ்விசையின் திசையில் நிகழும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்தாலே வேலை என்று அறிஞர் வரையறுத்தனர், ஆசிரியர் கற்பித்தனர், மாணவர் ஆண்டனர், பொருள் நிலைத்தது. அவ்வரையறையைத் தமிழில் கூறினால் 'வேலை' என்னும் நம் சொல்லும் அதே உறுதியைப் பெறுகின்றது. நான்கு சொற்கள் உலவுவது ஆட்சிக் குறைவால், மொழிக்குறையால் அன்று. ஆளாத சொல் எம்மொழியிலும் நிலைக்காது.

ஆசிரியப் பெருமக்களே! ஆங்கிலத்தைக் கற்பியுங்கள், நன்றாகவே கற்பியுங்கள். ஆனால், அதன் சொற்கள் கல்லில் வெட்டியவை என்னும் பொய்யைக் கற்பிக்காதீர்கள். அப்பொய்யை நம்பும் மாணவன், தான் விளங்கிக்கொண்டதைத் தன் மொழியில் எழுத அஞ்சுகின்றான். விளங்காததைப் பிறமொழியில் உருப்போட்டு எழுதித் தேறுகின்றான். கெடுவது தமிழ் மட்டுமன்று. அவன் அறிவும் கெடுகின்றது. தமிழில் ஒரு சொல்லைத் தேர்ந்து, பொருளை வரையறுத்து, வகுப்பில் நாள்தோறும் ஆளுங்கள். பில்லியனுக்குப் பொருள் வரையறுக்க ஓர் அரசால் இயன்றதெனின், நம் சொற்களுக்குப் பொருள் வரையறுக்க நம்மால் இயலாதா?