கண்டெய்னருக்குக் கம்பளம், பொட்டலத்துக்குப் பூட்டு!

"சீனச் சாமானை வாங்காதே, தேசத்துக்குத் துரோகம் செய்யாதே" என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். தாராவி தொண்ணூறடிச் சாலையிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரின் சந்துகளிலும் ஆள் காலை நீட்ட இடமில்லாத கடையில் உட்கார்ந்து மொபைலும் மிக்சியும் டி.வி.யும் ரிப்பேர் பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள்தான் நாட்டின் அந்நியச் செலாவணியைக் கரைக்கிறார்களாம்!

இப்படிப் பேசுகிறவர்கள் ஒருநாளாவது அந்தக் கடையில் வந்து உட்கார்ந்ததுண்டா? சார்ஜ் ஏறவில்லை என்று வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா போனைக் கொண்டுவருகிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினால் "போர்டையே மாற்றவேண்டும்" என்பார்கள். அவர்கள் சொல்லும் தொகைக்குப் பழைய போன் ஒன்றே வாங்கிவிடலாம். கெட்டுப்போனதோ சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி இருக்கும் ஒரு ஐ.சி. அதை மட்டும் கழற்றி வேறு வைத்தால் போன் பிழைத்துக்கொள்ளும். நம் பையனுக்கு அந்தக் கைவேலை தெரியும். ஆனால் அந்த ஐ.சி.யைக் கம்பெனி வெளிக் கடைக்கு விற்காது. அவன் என்ன செய்வான்? மாஹிமில் ரயிலேறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோட்டில் தேடுவான். அங்கே இருப்பதும் ஷென்ஜெனிலிருந்து வந்த சரக்குதான். சேட்டின் லாபம் மேலே ஏறியிருக்கும். அதைவிட ஷென்ஜென் வியாபாரியிடமே நேரே சொல்லி ஐம்பது உருப்படியைக் கூரியரில் தருவித்தால் நாலு காசு மிஞ்சும். இதுதான் அவன் செய்கிற 'துரோகம்'.

இந்த நாட்டில் ஐ.சி.யும் டிரான்சிஸ்டரும் செய்யத் தெரியாதவர்களா நாம்? செம்பூரை அடுத்த டிராம்பே அணுசக்தி நிலையத்தின் மின்னணுப் பிரிவிலிருந்துதான் 1967இல் ஐதராபாத் ஈ.சி.ஐ.எல். பிறந்தது. அந்தேரியில் 1973இல் சீப்ஸ் வளாகத்தைத் திறந்தபோது, மின்னணுச் சாமான்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்கென்றே திறந்தார்கள். இன்று அந்த வளாகத்தில் கொடிகட்டிப் பறப்பது வைரமும் நகையும். மொஹாலியில் அரசு கட்டிய சிலிக்கான் தொழிற்சாலை 1989இல் தீக்கு இரையாயிற்று. அதைத் தூக்கி நிறுத்த தில்லிக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997இல் இந்தியா சேர்ந்தது. 2005க்குள் கம்ப்யூட்டருக்கும், போனுக்கும், ஐ.சி.க்கும் சுங்க வரி பூஜ்யம் ஆயிற்று. அறுபது எழுபதுகளில் இந்தத் துறைமுகத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோ திருட்டுத்தனமாக இறங்கியபோது அதற்குக் கள்ளக்கடத்தல் என்று பெயர். அதற்கென்றே 1974இல் காஃபிபோசா சட்டம் போட்டு ஆட்களை உள்ளே தள்ளினார்கள். (அதில் பெயர் வாங்கியவர்களில் நம் சீமைக்காரர்களும் உண்டு, பெருமைக்காகச் சொல்லவில்லை.) வெளிநாட்டுச் சாமான் அதே துறைமுகத்தில் பின்னாளில் கப்பல் கப்பலாக இறங்கியபோது அதற்குத் தாராளமயம் என்று பெயர். நம் நாட்டு உற்பத்தி படுத்தது. இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் இரண்டாம் பாகத்தில் சேர மறுத்தபோது, முதல் பாகத்தின் அனுபவம் மிகக் கசப்பானது, தொழிலையே ஏறக்குறைய துடைத்துவிட்டது என்று வர்த்தக அமைச்சகமே எழுதிவைத்தது!

கதவை அகலத் திறந்துவிட்டவர்கள் பிறகு யார் மீது பாய்ந்தார்கள் தெரியுமா? பொட்டலக்காரன் மீது. 2019 டிசம்பரில் ஓர் உத்தரவு வந்தது: தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் எதுவும் வரக்கூடாது, உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கிக் கயிறு வரலாம், ரிப்பேர்க்காரனின் சாமான் வரக்கூடாது! அன்பளிப்பென்று பொய்சொல்லிச் சரக்கு வந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நேர்வழி என்ன என்று பார்த்தால், ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்கு, பில்லைக் காட்டு, ஜி.எஸ்.டி. கட்டு என்கிறார்கள். பெரிய இறக்குமதியாளர் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கணக்கில் கழித்துக்கொள்வார். பதிவில்லாத சின்னக் கடைக்காரனுக்கு அது கைவிட்டுப் போன காசு.

2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதமே 59 செயலிகளைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடை செய்த 43இல் அலிஎக்ஸ்பிரஸும் ஒன்று. வீரர்களின் சாவுக்கு நாமும்தான் துக்கம் காத்தோம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2020-21இல் சீனாவிலிருந்து வந்த இறக்குமதி சுமார் 6,500 கோடி டாலர். 2023-24இல் அது 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தடை போட்ட பிறகு ஏறியிருக்கிறதே, இறக்கியது யார்? தொண்ணூறடிச் சாலைப் பையனா? தடைபட்ட ஷீன் என்ற துணிக்கடை 2025இல் ரிலையன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. இங்கே தைத்த துணியைத்தான் விற்கிறோம் என்கிறார்கள். இருக்கட்டும். பெரிய கை பிடித்தால் திரும்பி வர வழி உண்டு என்பதுதான் நமக்கு விளங்குகிறது.

இவ்வளவு சொல்வதால், மலிவாய் வருவதெல்லாம் மகாலட்சுமி என்று நாம் சொல்வதாக எண்ணவேண்டாம். அந்தச் சரக்கில் இருக்கும் மோசடி நம் தலையில்தான் விடிகிறது. சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் குயியு என்றோர் ஊர். உலகத்தின் பழைய கம்ப்யூட்டர் போர்டுகள் அங்கே குவிந்தன. கரி அடுப்பில் சுட்டு ஐ.சி.களைப் பெயர்த்து, கழுவி, மேலே இருக்கும் எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புது எழுத்து அச்சடித்தால் பழசு புதுசாகிவிடும். இது அமெரிக்க ராணுவத்தையே ஏமாற்றியது: அவர்களுடைய செனட் கமிட்டி 2012இல் கொடுத்த அறிக்கையில் 1,800 சம்பவங்களும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சந்தேகச் சாமான்களும் கணக்கில் வந்தன. ராணுவத்துக்குச் செனட் இருக்கிறது. ஐம்பது ஐ.சி.யில் முப்பது செத்துக் கிடந்தால் நம் பையன் எந்த செனட்டில் முறையிடுவான்?

ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. கம்பெனி 2014இல் செய்த கூத்து தனி. தன் ஐ.சி.க்குப் போலி வந்துவிட்டது என்று, போலி மாட்டியிருந்த கருவிகளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணாதபடி ஒரு மென்பொருளை அனுப்பியது. போலி செய்தவன் சுகமாக இருந்தான். அறியாமல் வாங்கியவனின் கருவி முடங்கியது. கூச்சல் எழுந்த பிறகுதான் திரும்பப் பெற்றார்கள்.

எல்லாவற்றையும்விட நாம் அஞ்சுவது பேட்டரிக்குத்தான். 18650 என்னும் உருளை லித்தியம் செல்லில் '9900' என்று அச்சடித்து விற்கிறார்கள். உலகத்தின் நல்ல கம்பெனிகள் செய்யும் அதே அளவு செல்லில் 4000ஐத் தொடுவதே அரிது. தராசில் வைத்தாலே பெரும்பாலும் குட்டு வெளிப்படும். நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். இது புகைந்தால் என்ன ஆகும் என்று தாராவியில் வாழ்கிறவனுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழே கடை, மேலே மாடியில் குடும்பம், ஏறி இறங்க ஒரே ஓர் இரும்பு ஏணி, இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத சந்து. தீயணைப்பு வண்டி மெயின் ரோட்டில் நின்றுவிடும். பத்து ரூபாய் மிச்சத்துக்கு இந்த வினையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பெயர் தெரியாத உதிரி செல்லை வாங்கவேண்டாம். இந்தியத் தர முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத பேட்டரியை மாட்டவேண்டாம்.

அரசிடம் நாம் கேட்பது சலுகைப் பிச்சை இல்லை. 'பழுது நீக்கும் உரிமை' என்று 2022 டிசம்பர் 24 அன்று ஒரு வலைவாசலைத் திறந்தார்களே, வெளிக் கடைக்கும் நியாய விலையில் உதிரிப் பாகம் விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயச் சட்டம் எங்கே? அந்தச் சட்டம் வந்தால் ஷென்ஜெனுக்கு எழுதும் வேலை நம்மவர்களுக்குப் பாதி குறைந்துவிடும். உதிரிப் பாக உற்பத்திக்கென்று 2025இல் 22,919 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். அது பெரிய ஆலைகளுக்கான பணம். அந்த ஆலைகளில் செய்யும் சாமானில் ஒரு பங்கைச் சில்லறையில் விற்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் குடியா மூழ்கிவிடும்?

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப்போவதில்லை. பத்துக் கடைக்காரர்கள் பத்துப் பொட்டலம் தருவித்துப் பத்துத் தடவை கூரியர் கூலி அழுவதை நிறுத்துவோம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ரிப்பேர்க் கடைக்காரர்கள் மாதம் முழுக்கத் தேவைப்படும் ஐ.சி., கண்டென்சர், டிஸ்ப்ளே கணக்கை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். ஏற்றுமதி இறக்குமதி எண் ஒன்றை எடுத்து, ஒரே பில்லில் தருவிப்போம். வந்த சரக்கை மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே பிரித்துக்கொள்வோம். கெட்ட சரக்கு அனுப்பிய வியாபாரியின் பெயரைச் சங்கப் பலகையில் எழுதிவைப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதுதான் முதல் பொருள். மீட்டர் உள்ளவர்கள் கையோடு கொண்டுவரவும்.